நிலத்தின் வில்லங்கம்: மதுக்கரையில் ஒரு நினைவுப் படைப்புக்கு வரலாற்று முன்னுரை

கொங்கு நாட்டில் நிலம் வாங்க முற்படும் எவரும் கிரயப் பத்திரம் எழுதுவதற்கு முன் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்றிதழ் பெறுவது வழக்கம். அந்நிலத்தின்மேல் அடமானம் உண்டா, பாகப்பிரிவினை நடந்துள்ளதா, முன்னரே வேறொருவருக்கு விற்கப்பட்டுள்ளதா என்பவற்றை அச்சான்றிதழ் காட்டும். வில்லங்கம் ஏதுமில்லை என்று கண்டால் வாங்குவோர் மனநிறைவோடு பணத்தைக் கொடுப்பர். எனினும் அச்சான்றிதழ் பதிவுபெற்ற பத்திரங்களை மட்டுமே அறியும். பத்திரம் எழுதும் நிலையில் என்றுமே இராத மக்கள் அந்நிலத்தோடு கொண்டிருந்த உறவை அது அறியாது. புதரை வெட்டித் திருத்தியவர் யார், கிணற்றைத் தோண்டியவர் யார், தலைமுறை தலைமுறையாக அதில் உழைத்தும் ஒரு சென்ட் நிலத்திற்கும் பட்டா பெறாதவர் யார் என்னும் வினாக்களுக்கு அதில் விடை இராது.

ஏட்டில் ஏறாத இத்தகைய வில்லங்கத்தைப் பொதுமக்கள் கண்முன் வைக்கும் முயற்சிகளைக் கலைஞர்கள் இன்று பல நாடுகளில் மேற்கொண்டு வருகின்றனர். ஓர் இடத்தையே களமாகக் கொண்டு, கல், மண், மரம், கருவிகள், ஆவணங்கள் முதலியவற்றை அங்கே பொருள்பட அமைத்து, காண்போர் அதனுள் நடந்து சென்று சிந்திக்கும்படி செய்வதை நிறுவற்கலை என்பர். நிலம், முன்னோர், வரலாற்றுப் பொறுப்பு ஆகிய மூன்றையும் பொருளாகக் கொண்டு நம் சபையொன்று மதுக்கரைப் பகுதியில் அத்தகைய படைப்பை அமைக்க எண்ணுமானால், எந்த வரலாற்றை அது முதலில் அறிய வேண்டும்? எந்த இறையியல் தெளிவோடு அப்பணியைத் தொடங்க வேண்டும்? இவ்விரு வினாக்களையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. நினைவுக்கல் நமக்குப் புதிதன்று

நிறுவற்கலை என்னும் பெயர் புதிது; அதன் கருத்து பழையது. யோர்தானைக் கடந்தபின் இஸ்ரவேலர் ஆற்றின் நடுவிலிருந்து பன்னிரண்டு கற்களை எடுத்துக் கில்காலில் நிறுத்தினர் என்று யோசுவா 4ஆம் அதிகாரம் கூறுகிறது. பிற்காலத்தில் பிள்ளைகள் அக்கற்களைக் கண்டு அவற்றின் பொருளைப் பெற்றோரிடம் கேட்பார்கள் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். எனவே கல்லின் பணி வினாவை எழுப்புவது. விடை கூறும் பணி பெற்றோருடையது. விடையைக் கூற விரும்பாத தலைமுறையிடம் கல் வெறுங்கல்லாகவே இருக்கும்.

தமிழர்க்கும் இம்மரபு உரியது. சென்னிமலைக்கு மேற்கே நொய்யலாற்றின் வடகரையில் உள்ள கொடுமணலில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 1985இல் தொடங்கிய அகழாய்வு பெருங்கற்கால ஈமக்குழிகளையும் கல்வட்டங்களையும் வெளிப்படுத்தியது. இறந்தோரின் நினைவாக நெடுங்கற்கள் அங்கே நாட்டப்பட்டிருந்தன. ஆநிரை மீட்டு வீழ்ந்தவர்க்கும், புலியோடு பொருது மாண்டவர்க்கும் கல் நாட்டும் வழக்கம் கொங்கில் நெடுங்காலம் நிலவியது. புலிக்குத்திக்கல் என்று வழங்கும் கற்கள் இன்றும் இப்பகுதியின் வயலோரங்களில் காணப்படுகின்றன. ஆனால் இம்மரபிலும் ஒரு குறை உண்டு. வீரத்திற்குக் கல் உண்டு. அன்றாட உழைப்புக்குப் பெரும்பாலும் கல் இல்லை. வாளேந்தியவனை நினைவுகூர்ந்த ஊர், நீர் இறைத்தவனை நினைவுகூரவில்லை.

நம் காலத்துப் படைப்புகளுள் இரண்டு நமது பொருளுக்கு மிக நெருங்கியவை. ஆஸ்திரேலியாவில் ஆங்கிலேயர் குடியேறி 200 ஆண்டுகள் நிறைவுற்றதை 1988இல் அந்நாடு கொண்டாடியபோது, வட பகுதியைச் சேர்ந்த ராமின்கினிங் என்னும் ஊரின் பூர்வகுடிக் கலைஞர்கள் 200 மரக்குடைவுச் சவப்பெட்டிகளைச் செய்தனர். குடியேற்றத்தின் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு பெட்டி. தங்கள் நிலத்தைக் காக்க முயன்று மாண்டும் முறைப்படி அடக்கம் பெறாதவர்க்கு அது அடக்கச் சடங்காக அமைந்தது. கான்பராவிலுள்ள தேசியக் கலைக்கூடத்தில் அது இன்றும் இருக்கிறது.

மற்றொன்று யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தது. தோம்பு என்பது போர்த்துக்கீசர், ஒல்லாந்தர் காலத்தில் இலங்கையில் எழுதப்பட்ட காணிப் பதிவேடு. ஓவியர் தா. சனாதனன் 2011இல் வெளியிட்ட படைப்பொன்றுக்கு ‘முற்றுப்பெறாத தோம்பு’ என்று பொருள்படும் பெயரை இட்டார். போரினால் வீடிழந்து இடம்பெயர்ந்த மக்கள் தங்கள் வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைந்து கொடுத்தவை அதில் தொகுக்கப்பட்டன. அரசாங்கப் பதிவேட்டின் வடிவத்தை எடுத்து, அரசாங்கம் பதியாதவற்றை அதில் பதிந்தமையே அப்படைப்பின் சிறப்பு. நமது பட்டாவையும் அடங்கலையும் இவ்வாறு மறுபடி எழுத இயலுமா என்று அது நம்மைக் கேட்கிறது.

2. மதுக்கரை நிலத்தின் அடுக்குகள்

மதுக்கரை கோயம்புத்தூருக்குத் தென்மேற்கே பாலக்காட்டுச் சாலையில் உள்ளது. மூவேந்தர் எல்லை கூடியதாகக் கூறப்படும் மாயனூர் மதுக்கரை வேறு. அது கரூரை அடுத்தது. நாம் கூறும் மதுக்கரை பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயிலில் அமைந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையில் இயற்கையாக அமைந்த இவ்விடைவெளி வழியாகவே மேலைக் கடற்கரைத் துறைமுகங்களுக்கும் காவிரிச் சமவெளிக்கும் இடையே பண்டைய வாணிகம் நடந்தது. மதுக்கரைக்கு அணித்தான வெள்ளலூரில் 1842இலும் 1891இலும் உரோம நாணயப் புதையல்கள் கிடைத்தமை அதற்குச் சான்று.

1862இல் சென்னையையும் மேலைக் கடற்கரையையும் இணைத்த இரயில் பாதை போத்தனூர் வழியாக இக்கணவாயைக் கடந்தது. 1934இல் மதுக்கரையில் சிமெண்டு ஆலை தொடங்கப்பெற்றது. 1936இல் பல ஆலைகள் ஒன்றிணைந்து உருவான ஏ.சி.சி. நிறுவனத்தின் ஆலைகளுள் அதுவும் ஒன்றாயிற்று. இவ்வூரின் சுண்ணாம்புக்கல் வெட்டப்பட்டு, சுடப்பட்டு, மாவாக்கப்பட்டு, வீடாகவும் பாலமாகவும் ஆலயமாகவும் கொங்கு நாடெங்கும் பரவியது. இவ்வூரின் கற்குழிகளைக் காண்போர், நாம் கட்டிய ஒவ்வொன்றும் வேறோர் இடத்தில் ஒரு பள்ளத்தை உண்டாக்கியது என்பதை உணர்வர்.

மலைப்பக்கத்து வரலாறு வேறு வகையினது. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காடுகளை ஒதுக்குக் காடுகளாக அறிவிக்கும் அதிகாரத்தை அரசுக்கு அளித்தது. அதுவரை தேன், கிழங்கு, விறகு, மேய்ச்சல் முதலியவற்றிற்குக் காட்டில் தடையின்றி நடமாடிய இருளர் முதலிய மலைவாழ் மக்கள், ஒரே தலைமுறைக்குள் தங்கள் முன்னோர் நிலத்தில் அனுமதி பெற்று நுழைய வேண்டியவராயினர். நூறாண்டுகளுக்கும் மேல் கழிந்தபின், 2006இல் இந்திய நாடாளுமன்றம் இயற்றிய வன உரிமைச் சட்டம், முன்னோர் நிலத்தின்மேல் இம்மக்களுக்குள்ள உரிமை ஏற்கப்படாமற் போனது வரலாற்று அநீதி என்று தன் முகவுரையிலேயே ஒப்புக்கொண்டது. ஒரு நாட்டின் சட்டம் தன் முந்தைய சட்டத்தை அநீதி என்று கூறுவது அரிது. பிற்காலத் தலைமுறை முற்காலத் தலைமுறையின் செயலுக்குப் பொறுப்பேற்கலாம் என்னும் கருத்து மேல்நாட்டிலிருந்து வந்த புதுமையன்று. நம் நாட்டுச் சட்டப் புத்தகத்திலேயே அது இடம்பெற்றுள்ளது.

மனிதர் மட்டுமன்றி யானைகளும் இக்கணவாயின் பழைய வழிநடையர். 2021 நவம்பரில் மதுக்கரையை அடுத்த நவக்கரை அருகே இரயில் மோதி மூன்று யானைகள் மாண்டன. 2024இல் இப்பகுதியில் யானைகளின் நடமாட்டத்தை முன்கூட்டி அறிவிக்கும் கண்காணிப்பு ஏற்பாடு தொடங்கப்பட்டது. 1862இல் போடப்பட்ட பாதையின் கணக்கை இன்றைய தலைமுறை தீர்க்க முயல்கிறது என்று இதனைக் கூறலாம்.

3. கிணறும் பண்ணையாளும்

1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் கோயம்புத்தூர்ச் சீமை கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. தாமஸ் மன்றோ முதலியோர் வகுத்த இரயத்துவாரி முறையின்படி வரி செலுத்தும் குடியானவரின் பெயரில் பட்டா எழுதப்பட்டது. குடியானவருக்கு அது பெரும் பாதுகாப்பாயிற்று. ஆனால் அவருடைய காட்டில் உழைத்த பண்ணையாளின் பெயர் அப்பட்டாவில் ஏறவில்லை. வரி கட்டியவன் உடையவனானான். வியர்வை சிந்தியவன் ஏட்டுக்கு வெளியே நின்றான்.

கொங்கு நாட்டின் வேளாண்மை கிணற்றை நம்பியது. ஆற்றுப்பாசனம் குறைந்த இம்மாவட்டத்தில் கிணறுகளின் பெருமையை 1887இல் கோயம்புத்தூர் மாவட்டக் கையேட்டை எழுதிய எஃப். ஏ. நிக்கல்சனும் உணர்ந்திருந்தார். ஆழ்ந்த கிணற்றிலிருந்து எருதுகளைப் பூட்டிக் கவலை ஓட்டி நீர் இறைப்பதற்குச் சாலும் அதன் தோல் வாலும் வேண்டும். தோலைப் பதப்படுத்தித் தைத்தவரும், பழுதுபட்டபோது செப்பனிட்டவரும், பண்ணையத்தில் ஆண்டுக் கூலிக்கு இருந்தவருமான மாதாரி மக்கள், அதாவது இன்று அருந்ததியர் என்று அழைக்கப்படுவோர், அக்கிணற்றில் தாமே நீர் மொண்டு குடிக்கும் உரிமை பெற்றிருக்கவில்லை. அவர்கள் தைத்த தோலின் வழியே வந்த நீர் அவர்கள் தொட்டால் தீட்டுப்படும் என்று கருதப்பட்டது. கொங்கின் செழிப்பைப் பேசும் எவ்வரலாறும் இம்முரண்பாட்டைக் கடந்து செல்லல் ஆகாது. இம்மக்களின் சிறுவர் ஆடு மேய்க்கும் பண்ணையாட்களாக வளர்ந்த வாழ்வைப் பெருமாள்முருகன் 2000இல் வெளிவந்த தம் ‘கூளமாதாரி’ நாவலில் எழுதியுள்ளார்.

கணவாய்க்கு அப்பால் நிலைமை இன்னும் கொடியதாக இருந்தது. 1800ஆம் ஆண்டளவில் இவ்வழியே பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன், மலையாள நாட்டில் உழவடிமைகள் விற்கவும் அடகு வைக்கவும் குத்தகைக்கு விடவும் பட்டதைத் தம் பயணக் குறிப்பில் பதிந்தார். 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அடிமைமுறைக்குச் சட்ட ஆதரவை நீக்கியது. ஆயினும் கடனால் பிணித்து ஆளை வைத்துக்கொள்ளும் வழக்கம் தொடர்ந்தமையால், 1976இல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் தேவைப்பட்டது. இவ்விரு சட்டங்களுக்கும் இடைப்பட்ட 133 ஆண்டுகளை நம் படைப்பு மறைக்கலாகாது.

நிலமற்ற இம்மக்களுக்கு நிலம் அளிக்கும் முயற்சியும் நடந்தது. செங்கற்பட்டு ஆட்சியர் டிரமன்கீர் 1891இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் சென்னை அரசு ஒடுக்கப்பட்டோர்க்கென நிலம் ஒதுக்க ஆணையிட்டது. பஞ்சமி நிலம் என்று வழங்கும் அந்நிலத்தைப் பிற வகுப்பார்க்குக் கைமாற்றலாகாது என்பது நிபந்தனை. எனினும் அதில் பெரும்பகுதி பிறர் கைக்குச் சென்றது. 1994 அக்டோபரில் செங்கற்பட்டை அடுத்த காரணையில் அந்நிலத்தை மீட்கக் கோரிய போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து இருவர் உயிரிழந்தனர்.

நம் மாவட்டத்தில் நிகழ்ந்த மற்றொரு துயரமும் இங்கு எண்ணத்தக்கது. 2019 டிசம்பர் 2ஆம் நாள் அதிகாலையில், மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில் பெருமழையின்போது உயர்ந்த சுற்றுச்சுவர் ஒன்று ஒடுக்கப்பட்டோர் குடியிருப்பின்மேல் சரிந்து, உறங்கிக்கொண்டிருந்த 17 பேர் மாண்டனர். அது தீண்டாமைச் சுவர் என்று அம்மக்கள் குற்றஞ்சாட்டினர். ஒரு வேலிக்குள் ஒருவருக்குக் காணியாகவும் வேலிக்கு வெளியே மற்றொருவருக்குக் குடிசையாகவும் நிலம் பிரிக்கப்பட்ட பழைய வரலாறு, மழை பெய்த ஓர் இரவில் பதினேழு உடல்களாக வெளிப்பட்டது.

4. திருச்சபை பெற்ற இருவகைச் சொத்து

இவ்வரலாற்றில் திருச்சபை பார்வையாளராக மட்டும் நின்றதில்லை. இலண்டன் மிஷனைச் சேர்ந்த டபிள்யூ. பி. ஆடிஸ் 1830இல் கோயம்புத்தூருக்கு வந்தார். பின்னர் ஈரோட்டிலும் பிற இடங்களிலும் ஒடுக்கப்பட்ட மக்கள் கூட்டங்கூட்டமாகத் திருச்சபையில் சேர்ந்தனர். அவர்கள் தேடியது ஆத்தும இரட்சிப்பையும் மனித மதிப்பையும் ஒருங்கே. செங்கற்பட்டுப் பகுதியில் ஸ்காத்லாந்து சுயாதீனத் திருச்சபையின் ஆடம் ஆண்ட்ரூவும், வெஸ்லியன் மிஷனின் வில்லியம் கௌடியும் நிலமற்றோர்க்கு நிலம் வேண்டி அரசோடு வாதாடினர். 1850இல் சென்னை மிஷனரி மாநாடு சாதி வேற்றுமையைச் சபைக்குள் அனுமதிக்கலாகாது என்று தீர்மானித்தது. லைப்சிக் மிஷன் அத்தீர்மானத்தோடு இசையவில்லை.

இவை நாம் பெற்ற நற்சொத்து. இவற்றை நன்றியோடு அறிவிப்பது தகும். ஆனால் வேறொரு சொத்தும் நமக்கு வந்துள்ளது. சபைக்குள் சாதி பார்த்து அமர்ந்த வழக்கமும், கல்லறைத் தோட்டத்தில் தனி வரிசை கேட்ட பிடிவாதமும், மிஷன் வளாகத்தில் சமையலும் துப்புரவும் செய்தோரின் பெயர்கள் ஆண்டறிக்கையில் இடம்பெறாமையும் அச்சொத்தின் பகுதிகள். 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது மிஷன்களின் கட்டிடங்களும் நிலங்களும் பள்ளிகளும் படிப்படியாக அதன் அறக்கட்டளைச் சங்கத்தின் கைக்கு வந்தன. 1950இல் கோயம்புத்தூர்த் திருமண்டிலம் அமைந்து ஏ. ஜே. அப்பாசாமி அதன் முதற்பேராயரானார். வளாகங்களை நாம் வாரிசாகப் பெற்றோம். அவ்வளாகங்களின் வில்லங்கத்தையும் உடன் பெற்றோம்.

பிற நாட்டுத் திருச்சபைகள் இவ்வகையில் செய்தவை நமக்குப் படிப்பினை. 1945 அக்டோபரில் ஜெர்மானிய நற்செய்தித் திருச்சபைத் தலைவர்கள் ஸ்டுட்கார்ட்டில் தங்கள் குற்றத்தை அறிக்கையிட்டனர். அது துணிவான செயலே. ஆயினும் கொல்லப்பட்ட யூதரின் பெயரை அவ்வறிக்கை எங்கும் குறிப்பிடவில்லை என்னும் குறையைப் பிற்காலத்தவர் சுட்டினர். பொதுப்பட மனம் வருந்துவது எளிது. யாருக்கு எதிராகப் பாவம் செய்தோம் என்று சொல்வதே கடினம். பின்னர் குந்தர் டெம்னிக் என்னும் கலைஞர், நாசிகளால் துரத்தப்பட்டவர் கடைசியாக விரும்பி வாழ்ந்த வீட்டு வாயில்களில் அவரவர் பெயர் பொறித்த சிறு பித்தளைக் கற்களைப் பதிக்கத் தொடங்கினார். 2023க்குள் அவை ஒரு இலட்சத்தை எட்டின. அறிக்கை விட்ட இடைவெளியைக் கலை ஓரளவு நிரப்பியது.

இங்கிலாந்துத் திருச்சபையின் சொத்தாட்சியர், தங்கள் நிதியின் ஒரு பகுதி 18ஆம் நூற்றாண்டில் அடிமை வாணிகத்தோடு தொடர்புடைய முதலீட்டிலிருந்து வந்தது என்பதைத் தங்கள் பழைய கணக்கேடுகளை ஆராய்ந்து கண்டனர். அதன் விளைவாக 2023 ஜனவரியில் 10 கோடி பவுன் ஒதுக்குவதாக அறிவித்தனர். வருத்தம் கணக்கேட்டிலிருந்து தொடங்கியமையும் கணக்கேட்டிலேயே பயன் தந்தமையும் இங்கு கவனிக்கத்தக்கவை.

5. குற்றம் மரபுரிமையாகுமா?

முன்னோர் செய்த தவற்றுக்கு நாம் எப்படிப் பொறுப்பாவோம் என்னும் வினா எழுவது இயல்பு. யாத்திராகமம் 20ஆம் அதிகாரம் பிதாக்களின் அக்கிரமம் மூன்றாம் நான்காம் தலைமுறை வரை விசாரிக்கப்படுவதைக் கூறுகிறது. எசேக்கியேல் 18ஆம் அதிகாரமோ, குமாரன் தகப்பனின் அக்கிரமத்தைச் சுமப்பதில்லை என்று தெளிவுறக் கூறுகிறது. இவ்விரண்டையும் முரணாகக் கொள்ள வேண்டுவதில்லை. எசேக்கியேல் குற்றத்தைப் பற்றிப் பேசுகிறார். யாத்திராகமம் விளைவைப் பற்றிப் பேசுகிறது. குற்றம் செய்தவனோடு முடியும். விளைவு பிள்ளைகளின் வாழ்வில் தொடரும். சிலருக்கு வறுமையாகவும், சிலருக்குச் செல்வமாகவும் தொடரும்.

நம் நாட்டுப் பழைய சட்ட மரபு இதற்கு நல்லதோர் உவமை தருகிறது. தந்தை பட்ட கடனைத் தீர்ப்பது மகனின் அறக்கடமை என்று இந்து சட்டம் கருதியது. ஆயினும் மகன் தன் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து அதைச் செலுத்த வேண்டியதில்லை. குடும்பச் சொத்தில் அவனுக்குள்ள பங்கின் அளவுக்கே பொறுப்பு என்று நீதிமன்றங்கள் வரையறுத்தன. 2005ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்துக்குப்பின் அக்கோட்பாடு புதிய கடன்களுக்குச் செல்லாது. எனினும் அதன் நியாயம் சிந்திக்கத்தக்கது. சொத்தை ஏற்றவன் கடனையும் ஏற்கிறான். சொத்தின் அளவே கடனின் அளவு. எனவே நாம் கேட்க வேண்டிய வினா, ‘நாம் குற்றவாளிகளா?’ என்பதன்று, ‘நம் கையில் இருப்பது என்ன? அது எவ்வழியாக வந்தது?’ என்பதே.

இதனை மிக ஆழமாகக் காட்டும் வேதபகுதி 2 சாமுவேல் 21ஆம் அதிகாரம். தேசத்தில் மூன்று ஆண்டுகள் பஞ்சம் உண்டாயிற்று. சவுல் கிபியோனியரைக் கொன்றதே காரணம் என்று தாவீது அறிந்தான். கிபியோனியர் யார்? யோசுவா 9ஆம் அதிகாரத்தின்படி, இஸ்ரவேலருக்கு விறகு வெட்டவும் தண்ணீர் மொள்ளவும் தலைமுறைதோறும் கட்டுண்ட மக்கள். கவலைச் சாலைத் தைத்த கொங்கு மக்களை அறிந்தவர்க்கு இது தொலைதூரக் கதையாகத் தோன்றாது. தாவீது முதலில் நல்லதைச் செய்தான். பாதிக்கப்பட்டவரையே அழைத்து, என்ன செய்ய வேண்டும் என்று கேட்டான். ஆனால் முடிவில் சவுலின் சந்ததியார் எழுவர் மலையின்மேல் தூக்கிலிடப்பட்டனர். பிதாக்களுக்காகப் பிள்ளைகள் கொலை செய்யப்படலாகாது என்னும் உபாகமம் 24ஆம் அதிகாரக் கட்டளைக்கு இது மாறானது.

அப்போது அவ்வெழுவருள் இருவரின் தாயாகிய ரிஸ்பாள் இரட்டுப் புடவையைக் கன்மலையின்மேல் விரித்து, அறுப்புக் காலம் தொடங்கி மழை பெய்யும்வரை, பறவையும் மிருகமும் அவ்வுடல்களைத் தீண்டாதபடி காத்திருந்தாள். அதைக் கேள்வியுற்ற தாவீது, சவுல், யோனத்தான் ஆகியோரின் எலும்புகளையும் அவ்வெழுவரின் எலும்புகளையும் சேர்த்து அடக்கம் செய்வித்தான். அதன் பின்பே தேவன் தேசத்திற்காகச் செய்யப்பட்ட வேண்டுதலைக் கேட்டருளினார் என்று வேதம் கூறுகிறது. எழுவரும் மடிந்த இடத்தில் இவ்வாக்கியம் அமையவில்லை. அடக்கம் முடிந்த இடத்தில் அமைந்துள்ளது. பழிவாங்குதல் தேசத்தைக் குணமாக்கவில்லை. ஒரு தாயின் வெளிப்படையான துக்கமும், அத்துக்கத்தைக் கண்டு ஆட்சியாளன் செய்த மரியாதையுமே தேசத்தைக் குணமாக்கின. ரிஸ்பாள் கன்மலையின்மேல் விரித்த இரட்டுத்துணியை நாம் தேடும் நினைவுப் படைப்பின் முன்மாதிரி என்று கொள்ளலாம்.

6. திட்டமிடுவோர்க்குச் சில கருத்துகள்

இதுவரை கூறியவற்றிலிருந்து, அத்தகைய படைப்பைத் திட்டமிடும் சபைக்கு ஐந்து கருத்துகளை முன்வைக்கலாம்.

முதலாவது, கலைஞரை அழைப்பதற்கு முன் ஏடுகளைத் திரட்ட வேண்டும். சபையின் பத்திரங்கள், பழைய அளவை வரைபடங்கள், அடங்கல், ஞானஸ்நானப் பதிவேடு, அடக்கப் பதிவேடு ஆகியவற்றை ஒருசேர வைத்துப் படித்தால், நிலத்தின் கதையும் மக்களின் கதையும் எங்கே இணைகின்றன, எங்கே ஒன்று மற்றொன்றை மறைக்கிறது என்பது விளங்கும். இறையியல் மாணவர்க்கு இது சிறந்த பயிற்சியாகும்.

இரண்டாவது, தாவீது கேட்டதுபோல் பாதிக்கப்பட்டோரின் வழிவந்தவர்களைக் கேட்க வேண்டும். அருந்ததியர் குடியிருப்பின் முதியோரும், மலையடிவாரத்து இருளரும், கற்குழியில் உழைத்தோரும் கூறுவதைக் குறித்துக்கொண்டால் மட்டும் போதாது. எதைக் காட்டலாம், எதைக் காட்டலாகாது என்று முடிவு செய்யும் குழுவில் அவர்கள் இடம்பெற வேண்டும். அவர்களுடைய துயரத்தை அவர்கள் இசைவின்றிக் காட்சிப் பொருளாக்குவது, நிலத்தைப் பறித்தபின் நினைவையும் பறிப்பதாகும்.

மூன்றாவது, பொருள்களை அவ்வூரிலிருந்தே எடுக்க வேண்டும். வெட்டிய சுண்ணாம்புக்கல், பழைய சால், வடக்கயிறு, மிதிபட்டுத் தேய்ந்த வாயிற்படி, பெயர் எழுதப்படாத பட்டாப் படிவம் ஆகியவை பெரும் சிற்பங்களைவிட நன்றாகப் பேசும். கல்லில் பெயர் பொறிப்பதானால் நன்கொடையாளர் பெயர்களை முதலில் பொறிக்கும் வழக்கத்தை விட்டு, கட்டிட வேலை செய்தவர் பெயர்களைத் தேடிப் பொறிக்கலாம்.

நான்காவது, எதிர்ப்பு எழும் என்பதை அறிந்து ஆயத்தமாக வேண்டும். 1921 நவம்பரில் மாப்பிள்ளைக் கிளர்ச்சியில் கைதானவர்களைக் காற்றுப்புகாத சரக்குப் பெட்டியில் அடைத்து, திரூரிலிருந்து இப்பாதை வழியே அரசு அனுப்பியது. போத்தனூரில் பெட்டியைத் திறந்தபோது பலர் மூச்சுத் திணறி இறந்து கிடந்தனர்; மாண்டோர் தொகை சுமார் 70. ஏறத்தாழ நூறாண்டுகளுக்குப் பின், 2018இல், திரூர் இரயில் நிலையத்தில் இந்நிகழ்ச்சியைக் காட்டி வரையப்பட்ட சுவரோவியம் எதிர்ப்பின் காரணமாக அகற்றப்பட்டது. அக்கிளர்ச்சியைப் பற்றிய கருத்து வேறுபாடுகள் இன்னும் ஓயவில்லை. ஊராரோடு நீண்ட உரையாடல் நடத்தாமல் சுவரில் வரைந்த ஓவியம் எளிதில் அழிக்கப்படும் என்பதை இது காட்டுகிறது. நிலவுடைமைக் குடும்பங்களைச் சேர்ந்த சபையாரும் இவ்வுரையாடலில் தொடக்கத்திலேயே பங்குபெற வேண்டும். அவர்களைக் குற்றக்கூண்டில் நிறுத்துவதற்காக அன்று. தங்கள் பாட்டன்மார் வீட்டுப் பெட்டிகளிலுள்ள பழைய ஏடுகளை அவர்களே திறந்து காட்டுவதற்காக.

ஐந்தாவது, படைப்பு முடிந்தபின் என்ன செய்வோம் என்பதைப் படைப்பைத் தொடங்கும் முன்னரே தீர்மானிக்க வேண்டும். சகேயு மனந்திரும்பியபோது கண்ணீரை மட்டும் காட்டவில்லை. நாலத்தனையாகத் திருப்பிக் கொடுப்பதாக எண்ணிச் சொன்னான். சபையிடம் பயன்படாமல் கிடக்கும் நிலத்தில் ஒரு பகுதியை வீட்டுமனை இல்லாத சபையார்க்கு அளிப்பது, பஞ்சமி நிலமும் வன உரிமையும் கோரி அலைவோர்க்குச் சட்ட உதவி செய்வது, கல்லறைத் தோட்டத்தில் வரிசைகளை ஒன்றாக்குவது ஆகியவற்றுள் ஒன்றேனும் படைப்போடு சேர்த்துத் திட்டமிடப்பட வேண்டும். அவ்வாறின்றி அமையும் படைப்பு, முன்னோரின் பாவத்தை நினைந்து நம் நற்பண்பை நாமே பாராட்டிக்கொள்ளும் கூடமாக முடியும்.

நெகேமியா 9ஆம் அதிகாரத்தில் இஸ்ரவேலர் கூடி நின்று தங்கள் பாவங்களையும் தங்கள் பிதாக்களின் அக்கிரமங்களையும் ஒருங்கே அறிக்கையிட்டனர். அவ்வதிகாரத்துக்கு முன்னரே, 5ஆம் அதிகாரத்தில், அடமானம் வாங்கிய வயல்களையும் திராட்சத்தோட்டங்களையும் வீடுகளையும் ஏழைச் சகோதரருக்குத் திருப்பிக் கொடுத்திருந்தனர். அறிக்கையிடுவதற்கு முன் வயலைத் திருப்பிக் கொடுத்த அவ்வரிசைமுறை தற்செயலானதன்று. மதுக்கரையில் நாம் ஒரு கல்லை நாட்ட எண்ணினால், அவ்வரிசைமுறையை நினைவிற்கொண்டு, முதலில் நம் சபைப் பெட்டகத்திலுள்ள பத்திரங்களைத் திறந்து படிக்கத் தொடங்குவோமாக.